வெட்டித் தைத்தவர்களின் ஏடு

மன்னர்களும் மகாராணிகளும் உடுத்திக் களைந்த பட்டாடைகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, வெயிலும் ஈரமும் அணுகாமல் காத்து, வருவோரெல்லாம் எட்ட நின்று பார்த்துச் செல்லும்படி செய்வதை உலகத்து அரும்பொருட்காட்சிசாலைகள் தங்கள் கடமையாகக் கொண்டிருக்கின்றன. ஆனால் வீட்டு வேலைகள் ஓய்ந்த வேளையில், சாப்பாட்டு மேஜையின்மேல் துணியை விரித்து, ஒரு மெல்லிய காகிதத்தை அதன்மீது குண்டூசியால் பொருத்தி, தாமே வெட்டித் தாமே தைத்து உடுத்திய கோடிக்கணக்கான சாதாரண ஸ்திரீகளின் உடைகளும், அவ்வுடைகளுக்கு மூலமாயிருந்த காகித மாதிரிகளும் பெரும்பாலும் குப்பையோடு குப்பையாய்ப் போயின. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், தப்பிப் பிழைத்த அந்தப் பழைய மாதிரிகளைத் தேடிச் சேர்ப்பதையும் அவற்றைக் கொண்டு இன்று மறுபடி உடை தைப்பதையும் மிகுந்த சிரத்தையோடு செய்துவருகிற மக்கள் இருக்கிறார்கள். வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்குவோரும் உண்டு. என் அபிப்பிராயத்தில், பெயர் எழுதப்படாத ஒரு பெரும் ஜனத்தொகையின் கைத்திறனுக்கு எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்று அந்தக் காகிதங்களே. அவற்றைப் பாதுகாக்க வேண்டும், பாதுகாப்பதன் மிகச் சிறந்த வழி அவற்றைக் கொண்டு தைப்பதுதான்.

இந்த மாதிரிகள் பிறந்த விதத்தை அறிந்தால்தான் அவற்றின் அருமை விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உடையை வெட்டும் வித்தை தையற்காரனின் குலதனமாக இருந்தது. மாதர் பத்திரிகைகள் சில சிறு வரைபடங்களை வெளியிட்டன. அவற்றைத் தன் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்வது வாசகியின் பாடு. 1860 முதல் நியூயார்க்கில் எலன் டெமரஸ்ட் அம்மையார் தம் பத்திரிகையோடு மெல்லிய காகித மாதிரிகளைச் சேர்த்து வழங்கினார். எனினும் அவை ஒரே அளவில் வந்தன. 1863-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்டெர்லிங் என்னும் சிற்றூரைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர், ஒரே உடையைப் பல அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். குழந்தைக்கு உடை தைக்கும்போது, பல அளவுகளில் மாதிரி கிடைத்தால் எவ்வளவு சௌகரியமாயிருக்கும் என்று அவருடைய மனைவி எலன் சொன்னதே இதற்கு வித்து என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

பல அளவுகளில் வெட்டுவது என்று சொல்வது எளிது. மார்பளவு இரண்டு அங்குலம் பெருத்தால் தோளும் இரண்டு அங்குலம் பெருத்துவிடாது. கழுத்துச் சுற்று மிகச் சிறிதே கூடும். கைக்குழி ஆழ்வதற்கு ஒரு கணக்கு, இடுப்பு விரிவதற்கு வேறொரு கணக்கு. இந்த விகிதங்களை ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியே அறிந்து, ஒரு வடிவத்தைச் சிறிதாகவும் பெரிதாகவும் பிசகின்றி மாற்றத் தெரிந்தவனே தேர்ந்த தொழிலாளி. பல வருஷம் ஆசானுக்குப் பணிவிடை செய்து கற்ற அந்த ரகசியம், சில காசுகளுக்குத் தபாலில் வந்து சேரும் ஒரு காகிதக் கட்டுக்குள் அடங்கியபோது, ஒரு தொழிலின் மறைபொருள் பொதுச்சொத்தாயிற்று. ஐசக் சிங்கர் 1851-இல் காப்புரிமை பெற்ற தையல் யந்திரம் அதற்குள் தவணை முறையில் குடும்பங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. யந்திரம் தைக்கும் வேகத்தைக் கொடுத்தது. வெட்டும் அறிவைக் கொடுத்தது காகிதம். அறிவு இல்லாத வேகத்தால் துணிதான் பாழாகும் என்பது தைக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும்.

பழைய மாதிரி ஒன்றை முதன்முறை பிரித்துப் பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். அதில் ஓர் எழுத்தும் இராது, ஒரு கோடும் இராது. பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி யந்திரத்தால் வெட்டி, அச்சுக்குப் பதிலாகத் துளைகளை இட்டு அனுப்பினார்கள். ஒருவகைத் துளைகள் துணியை மடித்து வைக்க வேண்டிய ஓரத்தைச் சொல்லும். வேறொரு வகை பாவு நூலின் போக்கைச் சொல்லும். இன்னும் சில, டாட் பிடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும். ஓரத்தில் உள்ள சிறு வெட்டுகள், எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர வேண்டும் என்பதை அறிவிக்கும். அடுக்கின் மேல்தாளுக்கும் அடித்தாளுக்கும் இடையில் கத்தி சற்றே விலகினால் அளவு மாறும்; அந்தப் பிழையைத் தன் கண்ணாலேயே கண்டு திருத்திக்கொள்ளும் தேர்ச்சி தைப்பவளுக்கு இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் மக்கால் நிறுவனத்தார் வெட்ட வேண்டிய கோட்டையும் தைக்க வேண்டிய கோட்டையும் காகிதத்தின்மேலேயே அச்சிடும் முறையைக் கொண்டுவந்து அதற்குக் காப்புரிமையும் பெற்றார்கள்; ஆயினும் அக்காப்புரிமை முடிந்த பிறகும்கூட, வோக் நிறுவனத்தார் 1950-களின் நடுப்பகுதிவரை துளையிட்ட தாள்களையே பெரும்பாலும் விற்றுவந்தார்கள். முதல் உலக யுத்தம் முடிந்த தறுவாயில் பட்டரிக் நிறுவனத்தார் தங்கள் மாதிரிகளோடு படங்களுடன் கூடிய விளக்கத்தாள் ஒன்றைச் சேர்த்தார்கள். ஆசிரியர் இல்லாமலே கற்பிக்கும் பாடநூல்கள் அவை. கைக்குழியில் கையை எப்படிச் சுருக்கி அமைப்பது, கழுத்துப்பட்டியை எப்படித் திருப்பி உள்தையல் போடுவது என்பவற்றைப் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்த அந்தத் தாள்கள், பள்ளிக்கூட வாசலை அதிகம் மிதியாத பல பெண்களுக்கு வரைபடத்தைப் படிக்கவும் கணக்கிடவும் பயிற்சி அளித்தன.

சமூக சரித்திரம் எழுதுவோருக்கு இக்காகிதங்களைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது. பஞ்ச காலத்தைப் பற்றிப் பொருளாதார நிபுணர்கள் எத்தனையோ நூல்கள் எழுதியிருக்கலாம்; 1927-இல் தோன்றிய சிம்ப்ளிசிட்டி நிறுவனம், பிறர் அதைவிட அதிக விலைக்கு விற்ற மாதிரியைப் பதினைந்து சென்ட்டுக்கு விற்று, அதற்கு அடுத்து வந்த பெருமந்த வருஷங்களில் கோடானுகோடி வீடுகளில் இடம்பிடித்தது என்ற ஒரு செய்தியே அக்காலத்துக் குடும்பத் தலைவியின் கைச்செலவை நம் கண்முன் நிறுத்திவிடுகிறது. மாவும் கோழித்தீவனமும் வந்த பருத்திச் சாக்குகளைத் துவைத்து உடை தைத்த காலம் அது. சாக்கு விற்றவர்களே அதைக் கண்டு, சாக்கின்மேல் பூப்போட்ட அச்சு இட்டு அனுப்பலானார்கள். ஆன் ஆடம்ஸ், மேரியன் மார்ட்டின் என்ற கற்பனைப் பெயர்களில் தினசரிப் பத்திரிகைகள் ஓர் உடையின் படத்தை அச்சிடும்; வாசகி சில்லறையை உறையிலிட்டு அனுப்பினால் மாதிரி தபாலில் வந்து சேரும். தையற்கடையே இல்லாத கிராமத்துப் பண்ணை வீட்டுக்கு நகரத்து வெட்டு போய்ச் சேர்ந்த வழி அதுதான். உறைமேல் பதிந்த தபால் முத்திரை, ஆண்டு அச்சிடப்படாத அந்த மாதிரிகளுக்கு இன்று பிறப்புச் சான்றிதழாக உதவுகிறது.

யுத்தம் வந்தபோது காகிதமும் அதற்கு இணங்கிற்று. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு ஏற்பட்டது. முதல் வருஷத்தில் ஒருவருக்கு 66 கூப்பன், கம்பளி உடை ஒன்றுக்கே 11 கூப்பன் போய்விடும். அமெரிக்காவில் 1942-இல் பிறந்த எல்-85 என்னும் உத்தரவு பாவாடையின் விரிவையும், மடிப்புகளையும், விளிம்பின் ஆழத்தையும் கட்டுப்படுத்திற்று. அக்காலத்து மாதிரிகளை எடுத்துப் பார்த்தால், பை குறைந்திருக்கும், கொசுவம் குறைந்திருக்கும், ஒரு கெஜத்துக்கும் குறைவான மிச்சத் துணியில் ரவிக்கை வெட்டும் உபாயங்கள் மலிந்திருக்கும். கணவனின் பழைய கோட்டைப் பிரித்து மனைவிக்கு உடை அமைக்கும் மாதிரிகளும் உண்டு. 1947 பிப்ரவரியில் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் தம் புதிய தோற்றத்தை அறிமுகப்படுத்தியதும், உறையின் பின்புறத்தில் அச்சிட்ட துணிக் கணக்கு திடீரென்று வீங்கிவிடுகிறது. அரசாணைகளும் சமாதான உடன்படிக்கைகளும் சாமானியரின் உடலில் எப்படி இறங்கின என்பதை இந்தத் துணிக் கணக்கைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லும் ஆவணத்தை நான் அறியேன். 1949 முதல் வோக் நிறுவனம் பால்மேன், ஸ்கியாப்பரெல்லி முதலியோரின் அசல் வெட்டுகளையே மாதிரிகளாக வெளியிட்டது. ஈவ் சான் லோரான் 1965-இல் படைத்த, மொண்ட்ரியானின் ஓவியத்தைத் தழுவிய உடையின் மாதிரியும் அடுத்த ஆண்டே அவ்வரிசையில் வந்தது. பாரிஸ் மாளிகைகளின் படிகளை ஏறியறியாத ஒரு குமாஸ்தாப் பெண், அங்கே பணியாற்றிய மேதையின் வெட்டை வரிக்கு வரி வாசித்துத் தன் கையாலேயே அமைத்துக்கொள்ள முடிந்தது.

உடலைப் பற்றிய உண்மையையும் இவை மறைக்காமல் சொல்கின்றன. மார்பளவு 34 அங்குலம் உள்ள ஒரு பெண், 1950-களின் நடுப்பகுதிக்கு முன் கடையில் 16-ஆம் எண் மாதிரியைக் கேட்டிருப்பாள், அதன்பின் 14-ஐ, 1960-களின் இறுதியில் 12-ஐ. உடல் மாறவில்லை, எண் மட்டும் இறங்கிற்று. ஆயத்த ஆடைக்காரர்கள் வாடிக்கைக்காரியின் மனத்தைக் குளிர்விக்க எண்ணைக் குறைத்துக்கொண்டே போனார்கள். மாதிரி விற்றவர்களும் ஓரளவு அதைப் பின்தொடர்ந்தார்கள். அளவெண்ணைப் பார்த்துத் தன் உடம்பை நொந்துகொள்ளும் இளம்பெண்கள் ஒவ்வொருவருக்கும் இந்தச் செய்தியைச் சொல்லிவைக்க வேண்டும். இதைவிடக் கசப்பான செய்தியும் இந்தச் சரித்திரத்தில் இருக்கிறது. 1939-40-இல் அமெரிக்க விவசாய இலாகாவின் சார்பில் ரூத் ஓ’பிரையனும் வில்லியம் ஷெல்டனும் ஏறக்குறைய பதினையாயிரம் பெண்களை ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்து ஆராய்ந்தார்கள். ஆனால் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளை முடிவிலே ஒதுக்கிவிட்டார்கள். 1958-இல் வகுக்கப்பட்ட அளவுத் தரத்துக்கு அந்தக் கணக்குகள் அடிப்படையாயின. பொது அளவு என்று பெயர் சூட்டப்பட்டது எல்லார்க்கும் பொதுவாக இருக்கவில்லை என்பதைப் பழைய மாதிரியைத் தன் உடலுக்கு ஒட்ட வைத்துப் பார்க்கும் பலர் இன்றும் தம் கையாலேயே உணர்கிறார்கள்.

இவ்வளவு பெறுமதியுள்ள காகிதங்களைச் சேர்த்துக் காக்கும் பணியில் முதன்மையானது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்து மாதிரிக் களஞ்சியம். நாடக உடைத்துறைப் பேராசிரியராயிருந்த ஜாய் ஸ்பேனபெல் எமரி அம்மையார் அதை வளர்த்தெடுத்து, எண்களைப் பழைய விலைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுக் காலம் கண்டு, பல்லாயிரம் மாதிரிகளின் துண்டு வடிவங்களை ஆராய்ச்சியாளருக்கு எட்டும்படி செய்தார். 2014-இல் காகித மாதிரித் தொழிலின் சரித்திரத்தை ஒரு பெருநூலாகவும் எழுதிவைத்தார். காலம் காணும் அந்த வேலை ஒரு நுண்கலை. தேவைப் பட்டியலில் ஜிப் காணப்பட்டால் 1930-களுக்குப் பிற்பட்டது என்று ஊகிக்கலாம். அமெரிக்க முகவரியில் ஜிப் கோட் எண் இருந்தால் 1963-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

தனி மனிதர்கள் சேர்க்கும் முறையில்தான் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. சந்தையிலே, கத்தரியே படாமல், தொழிற்சாலையில் மடித்த மடிப்புக் குலையாமல் இருக்கும் மாதிரிக்கே உயர்ந்த விலை. உபயோகித்த மாதிரி மதிப்புக் குறைந்தது என்று தள்ளப்படுகிறது. இந்த மதிப்பீடு தலைகீழானது என்பது என் உறுதியான எண்ணம். உபயோகித்த மாதிரியின் ஓரத்தில் பென்சிலால் குறித்த இடுப்பளவு இருக்கும். தோள் சாய்வை மாற்றுவதற்காக ஒட்டிய துண்டு இருக்கும். கிழிந்துபோன கைக்குப் பதிலாகச் செய்தித்தாளில் வெட்டி வைத்த கை இருக்கும். அச்செய்தித்தாளின் தேதி, அந்த உடை எந்த வாரத்தில் தைக்கப்பட்டது என்பதையே நமக்குச் சொல்லிவிடும். நிறுவனம் விற்ற பொருளைக் காட்டுவது மடிப்புக் குலையாத மாதிரி. அதை வாங்கியவள் எப்படிச் சிந்தித்தாள் என்பதைக் காட்டுவது ஊசித்துளை விழுந்த மாதிரி. இரண்டாவதையே நான் பெரிதென்பேன்.

மெல்லிய பழைய தாள் வெட்ட வெட்ட அழிந்துவிடாதா என்று கேட்கலாம். அழியும், ஆகையால் மூலத்தை வெட்டக்கூடாது, படியெடுக்க வேண்டும். நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைக் காத்த விதத்தை இங்கே நினைப்பது பொருந்தும்: செல்லரிக்கும் ஓலையைப் பூட்டி வைத்தவர்களிடம் நூல் மாண்டது, தலைமுறைதோறும் புதிய ஓலையில் பெயர்த்து எழுதி, படித்துப் பாடம் சொன்னவர்களிடம் நூல் வாழ்ந்தது. சுருக்கம் விழுந்த தாளை நீராவியில்லாத இளஞ்சூட்டு இஸ்திரியால் நீவி, கெட்டியான வேறு தாளில் ஒவ்வொரு துளையையும் வெட்டையும் விடாமல் குறித்துக்கொண்டு, மூலத்தை உறைக்குள் மீண்டும் வைத்துவிடுவதே முறை. பின்னர் விலைகுறைந்த காடாத் துணியில் இழை ஓட்டி ஒரு வெள்ளோட்டம் பார்த்து, உடலோடு பொருந்தாத இடங்களைக் குண்டூசியால் பிடித்துத் திருத்தி, அத்திருத்தங்களைப் படித்தாளில் ஏற்றிய பிறகே நல்ல துணியில் கத்தரியை வைக்க வேண்டும்.

அப்படித் தைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியாத பல விஷயங்கள் கைக்குத் தெரிய வருகின்றன. 1930-களின் மாலை உடை மாதிரியைத் தாளில் பார்க்கும்போது கோணல்மாணலான துண்டுகளாகவே தோன்றும். அதைத் துணியின்மேல் கிராஸாக வைத்து வெட்டித் தொங்கவிட்டால், மதலேன் வியோனே என்ற பிரெஞ்சு மேதை பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே துணியின் நெகிழ்ச்சியை ஆண்ட ரகசியம், எந்தப் புத்தக விளக்கமும் இன்றிப் புலனாகும். தோளிலே ஓர் அங்குலச் சுருக்கு ஏன் வந்தது, முழங்கையில் இரண்டு சிறு டாட் ஏன் பிடித்தார்கள், பிற்பாடு பிரித்துப் பெரிதாக்க உள்ளே ஏன் தாராளமாகத் துணி விட்டார்கள் என்பனவெல்லாம் தைக்கிற கைக்கே விடை சொல்லும். சில மாதங்களில் நைந்து எறியப்படுவதற்கென்றே செய்யப்படும் இக்காலத்து மலிவு ஆடைக்கும், இருபது வருஷம் இருந்து இருமுறை பிரித்துத் தைக்கப்படுவதற்கென்று எண்ணி வெட்டப்பட்ட ஆடைக்கும் உள்ள தர்ம வித்தியாசம் அப்போது ஐயமறத் தெரியும்.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க நியாயம் ஒன்று உண்டு. அதை அலட்சியம் செய்வது முறையாகாது. பெண்கள் வீட்டில் தைத்தது விருப்பத்தினாலா, வேறு வழியின்மையாலா? வறுமையினாலும், தைக்கத் தெரியாதவள் இல்லத்தரசியாகத் தகாதவள் என்ற ஊரார் வாக்கினாலும், கண் வலிக்க இரவிலே தைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தச் சுமையை நாம் அழகுபடுத்திப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் துரோகமே. 1950-களின் உறைப் படங்களில் காணும் நூலிழை இடுப்பு, எந்த உயிருள்ள பெண்ணுக்கும் இருந்ததில்லை என்பதும் மெய். ஆனால் ஒரு வேலை வலிந்து சுமத்தப்பட்டது என்பதனால், அதைச் செய்தவர்கள் அதிலே காட்டிய அறிவு அறிவல்லாமல் போய்விடுமா? கட்டாயத்தின் கீழும் அவர்கள் அளந்தார்கள், கணக்கிட்டார்கள், நிறுவனத்தின் பிழையைத் திருத்தினார்கள், பிறருக்குத் தைத்துக் கொடுத்துக் குடும்பம் காத்தார்கள். அக்கட்டாயம் நீங்கிய பின்பு எஞ்சும் அறிவைச் சுதந்திரமாக ஏற்றுக்கொள்வதே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை; கட்டாயத்தோடு அறிவையும் சேர்த்துக் குப்பையில் எறிவது அவர்களை இரண்டாம் முறை மறப்பதாகும்.

இதைத் தள்ளிப்போட முடியாத காரணமும் இருக்கிறது. முன்பு ஒன்றோடொன்று போட்டியிட்ட பட்டரிக், மக்கால், வோக், சிம்ப்ளிசிட்டி ஆகிய நான்கு மாதிரிப் பெயர்களும் நம் காலத்தில் ஒரே உரிமையாளரின் கீழ் வந்து சேர்ந்துவிட்டன. வியாபாரம் சுருங்கச் சுருங்கப் பழைய சரக்கைப் பாதுகாக்க வேண்டிய ஊக்கமும் சுருங்கும். லாபம் உள்ளவரை மட்டுமே ஓர் அறிவு காக்கப்படும் என்றால் அது காக்கப்படவில்லை என்றே பொருள். பொது நூலகங்களும் கல்லூரிகளும் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த மாதிரி உறைகள் அதிகம் புழங்கியதில்லை. இங்கே தைப்பவளின் மாதிரி பெரும்பாலும் ஓர் அளவு ரவிக்கைதான். வெட்டும் வித்தை மாஸ்டரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. ஆயினும் தையல் வகுப்புகளில் பயின்ற பெண்கள் பழுப்புத்தாளில் ரவிக்கையும் பாவாடையும் சிறுவர் சட்டையும் அளவிட்டு வரைந்து, வெட்டி, நோட்டுப் புத்தகங்களில் ஒட்டிவைத்தார்கள். அந்த நோட்டுகள் எத்தனையோ வீடுகளின் பரணில் இன்றும் கிடக்கின்றன, பழைய பேப்பர்காரரின் தராசுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. அமெரிக்கப் பெண்களின் காகிதத்தை ஒரு பல்கலைக்கழகம் காத்தது போல, நம் மனையியல் கல்லூரிகள் இவற்றைச் சேர்த்து, ஆண்டும் ஊரும் எழுதிவைத்த பெண்ணின் பெயரும் குறித்து, கேட்பவர்க்குப் படியெடுத்துக் கொடுக்க ஏற்பாடு செய்யலாகாதா? இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஓர் அலமாரியும், ஒரு பதிவேடும், அவை பாதுகாக்கத் தக்கவை என்ற எண்ணமும் இருந்தால் போதும். அவ்வாறு சேர்க்கிற கல்லூரி, தன் மாணவிகள் ஆண்டுக்கு ஓர் உடையையேனும் அந்தப் பழைய வரைபடத்திலிருந்து வெட்டித் தைத்துக் காட்ட வேண்டும் என்பதையும் விதியாக்கட்டும். தைக்கப்படும் வரையில்தான் அது மாதிரி, தைப்பாரற்றுப் போனால் வெறுங்காகிதம்.